மூணே வகைதானா? டாக்ஸோபிளாஸ்மா பற்றி ஒரு மறுவாசிப்பு

டாக்ஸோபிளாஸ்மா கோண்டி என்ற ஒட்டுண்ணியைப் பற்றிப் பல இடங்களில் ஒரு வரி வரும்: இதில் மூன்றே வகைகள், ஆரோக்கியமானவர்களுக்குப் பெரிய ஆபத்தில்லை. நானும் இங்கே ஒருமுறை அப்படித்தான் எழுதினேன். அதைத் திருத்தத்தான் இந்தக் குறிப்பு.

'மூன்று வகை' பிரபலமானது ஹோவ், சிப்லி இருவரின் 1995 ஆய்வுக் கட்டுரையால். 106 மாதிரிகள், ஆறு மரபணு இடங்கள். நேர்த்தியான வேலை, அதில் சந்தேகமே இல்லை. ஆனா மாதிரிகளில் பெரும்பாலானவை வட அமெரிக்கா, ஐரோப்பாவைச் சேர்ந்தவை. ஒரே ஊர் பயனர்களை மட்டும் வெச்சு டெஸ்ட் பண்ணிட்டு, 'உலகம் முழுக்க வேலை செய்யும்'னு சொன்னா எங்க ஆபீஸ்ல யாரும் ஒத்துக்க மாட்டாங்க.

இன்னொரு சிக்கல் கருவியிலேயே இருக்கு. மூன்று வகைகளைப் பிரித்துக்காட்டத் தேர்ந்தெடுத்த மார்க்கர்களில் ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால், நாலாவதாக ஒன்று வந்தாலும் மூன்றில் ஒன்றாகவே தெரியும். பிரேசிலில் அதுதான் நடந்தது. ஒரே மார்க்கரில் 'முதல் வகை' என்று பெயர் வாங்கிய பல மாதிரிகள், பல மார்க்கர்களில் சோதித்தபோது வேறாக இருந்தன. 2012-ல் சூ குழுவினர் உலகெங்கிலுமிருந்து 956 மாதிரிகளை ஆராய்ந்தபோது 138 மரபணு வடிவங்கள் கிடைத்தன. தென் அமெரிக்காவில்தான் பன்மை அதிகம்.

சரி, எண்ணிக்கை கூடினா என்ன? சுரினாமில் மரோனி ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு கிராமத்தில், 2003 டிசம்பர் முதல் 2004 ஜனவரிக்குள் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த பெரியவர்களுக்கே கடுமையான தொற்று. ஒரு பெரியவர், ஒரு பச்சிளங்குழந்தை, கருவில் இருந்த ஒரு சிசு இறந்துபோனார்கள். அது 'மூன்று வகை'க்குள் அடங்காத காட்டு வகை. 'ஆபத்தில்லை' என்ற வரியை மனசில் வைத்திருக்கும் மருத்துவர் இந்த நோயைச் சந்தேகிக்கவே தாமதமாகலாம்.

அதுக்காக எல்லாப் பழியையும் வகை மேல போட்டுடவும் முடியாது. உடம்புக்குள் போன அளவு, தொற்று வந்த வழி, நோயாளியின் எதிர்ப்புச் சக்தி எல்லாமே கணக்கில் வரும். முதல் வகை எலியைக் கொல்ல ஒரே ஒரு ஒட்டுண்ணி போதும். அதை அப்படியே மனிதனுக்குப் பொருத்திவிட முடியாது.

1995 கட்டுரை மேல எனக்குக் கோபமில்லை. எந்த ஊர் மாதிரி என்று பார்க்காமல் அதன் முடிவை மட்டும் எடுத்து எழுதியவர்கள் மேலதான் கோபம். அந்த லிஸ்ட்ல நானும் இருக்கேன்.