மெய்ந்நிகர் மறையுரையும் பாடவேறுபாடும்

ஏட்டில் எஞ்சிய உரையைச் செவிவழி நிகழ்வாக மீட்க இயலுமா என்னும் வினாவிற்கு அமிழ்வுத் தொழில்நுட்பம் தந்த விடைகளுள் குறிப்பிடத்தக்கது, வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜான் வால் தலைமையில் உருவாகி 2013இல் வெளிவந்த 'மெய்ந்நிகர் பால்ஸ் கிராஸ்' ஆய்வுத்திட்டமாகும். ஆங்கிலக் கவிஞரும் இலண்டன் தூய பவுல் பேராலயத் தலைமைக் குருவுமான ஜான் டன், 1622 நவம்பர் 5ஆம் நாளுக்கென இயற்றிய மறையுரையை அப்பேராலய முற்றத்தில் நின்று கேட்பது போன்ற பட்டறிவை இது தருகிறது.

1666இல் தீக்கிரையான பேராலயம் பழைய ஓவியங்களையும் அகழாய்வு அளவீடுகளையும் கொண்டு கணினியில் எழுப்பப்பட்டுள்ளது. நடிகர் பென் கிறிஸ்டல் அக்கால ஒலிப்புமுறையில் பேசிய உரை, அம்முற்றத்துச் சுவர்கள் எழுப்பக்கூடிய எதிரொலியோடு இணைக்கப்பட்டுள்ளது. கேட்போர் தாம் நிற்கும் இடத்தையும், 500 முதல் 5,000 வரையிலான கூட்டத்தின் அளவையும் மாற்றிக்கொள்ளலாம்.

இதனால் விளைந்த பயன் சிறிதன்று. அச்சில் படிக்கையில் மிகையெனத் தோன்றும் டன்னின் கூறியது கூறலும் அடுக்குத் தொடர்களும், எதிரொலி அடங்கும்வரை காத்துப் பேசவேண்டிய ஒருவரின் தேவைகளாக இங்குப் புலப்படுகின்றன. நடையியல் ஆய்வாளர் இதனைப் புறக்கணித்தல் இயலாது.

எனினும் அடிப்படையான இடர்ப்பாடு ஒன்றுண்டு. அன்றைய வானிலை காரணமாக அம்மறையுரை முற்றத்தில் நிகழவில்லை, பேராலயத்தினுள்ளேயே நிகழ்ந்தது. ஆகவே நாம் கேட்பது நிகழாத ஒரு நிகழ்வு. திட்டத்தார் இதனை மறைக்கவில்லை. ஆயின் ஒலியில் அமிழ்ந்திருப்பவர் செவிக்கு அக்குறிப்பு எட்டுவதில்லை. உரைநூலும் ஒன்றன்று. டன் தம் கையால் திருத்திய கையெழுத்துப்படி ஒன்றும், அவர் மறைவிற்குப்பின் 1649இல் அச்சான பாடமொன்றும் உள்ளன. பதிப்பாசிரியர் பாடவேறுபாட்டை அடிக்குறிப்பில் தருவார். படிப்பவர் கண் அங்குச் சென்று மீளும். ஒலிக்கு அடிக்குறிப்பு ஏது? கூட்டத்தின் முணுமுணுப்பு உருவாக்கியோரின் ஊகம். சுவரின் எதிரொலி அளவீட்டின் விளைவு. இரண்டும் ஒரே உறுதியுடன் செவியில் விழுகின்றன. கேட்குமிடத்தை மாற்ற இடமளித்த திட்டத்தார், ஊகத்தை நீக்கிக் கேட்கவும் வழிசெய்திருப்பின் இஃது ஆய்வுப்பதிப்பு என்னும் பெயருக்கு முழுத் தகுதி பெற்றிருக்கும். இன்றைய நிலையில் இதனைச் சிறந்ததோர் உரையாசிரியரின் விளக்கம் என்றே கொள்ளலாம். மூலம் எனல் ஆகாது.

கம்பராமாயணம் அரங்கேறியதாக மரபு சுட்டும் திருவரங்கத்து மண்டபத்தை இவ்வாறு அமைக்க விழைவோர்க்கும் இவ்வினா எழும். தூண்களை அளந்துவிடலாம், எந்தப் பாடத்தை, எந்த இசையில் ஓதுவிப்பது?