அந்தம்மா அப்புறம் என்ன ஆனாங்க?

'பாரதி' படத்தைப் போன வாரம் வீட்டில் மறுபடி பார்த்தோம். ஞான ராஜசேகரன் இயக்கி 2000-இல் வந்த படம். பாரதியாக ஷாயாஜி ஷிண்டே, செல்லம்மாவாக தேவயானி. படம் முடிந்து டி.வி.யை அணைக்கப்போன நேரத்தில் என் மனைவி கேட்டாள்: "சரி, அந்தம்மா அப்புறம் என்ன ஆனாங்க?"

மயிலாப்பூரில் குடியிருக்கிறேன். பாரதி கடைசியாக வாழ்ந்த திருவல்லிக்கேணி எட்டிப்பிடிக்கும் தூரம்தான். ஆனாலும் சட்டென்று பதில் வரவில்லை. உங்களுக்கு வருமா?

நமக்குத் தெரிந்த செல்லம்மா, உலையில் போட வைத்திருந்த அரிசியைப் புருஷன் குருவிக்கு இறைத்துவிட, கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறவர். பட்டிமன்றமோ பள்ளி ஆண்டுவிழாவோ, அவருக்கு அந்த ஒரே சீன்தான். தேவயானியைக் குறை சொல்லவில்லை. பாவம், அவருக்குக் கொடுத்தது அவ்வளவுதான். பாரதி கண்ணை மூடியதும் செல்லம்மாவின் கதையும் முடிந்துவிட்டது என்று நாமாகவே நினைத்துக்கொள்கிறோமே, அதுதான் குறை.

நான் பி.காம். கணக்காகவே பார்த்துவிடுவோம்.

1921 செப்டம்பரில் பாரதி இறந்தபோது செல்லம்மாவுக்கு வயது முப்பதைத் தாண்டிக் கொஞ்சம்தான் இருக்கும். இளைய மகள் சகுந்தலாவுக்கு 13, கல்யாணம் பாக்கி. எந்தச் சுதேசிப் புயலை நம்பிப் புருஷன் புதுச்சேரிக்கு ஓடிப் பத்து வருஷம் கிடந்தாரோ, அந்தப் புயல் என்றோ அடங்கிவிட்டது. நிலம், நகை, பேங்க் பணம் எல்லாம் நில். கையிருப்பு, ஒரு கட்டுக் காகிதம்.

இதே நிலையில் அயர்லாந்தில் ஒருத்தி நின்றாள். 1798 கிளர்ச்சி தோற்று, அதன் தலைவர் உல்ஃப் டோன் டப்ளின் சிறையில் இறந்தார். மனைவி மெட்டில்டா குழந்தைகளோடு பாரிசில். மூன்றில் இரண்டை காசநோய் கொண்டுபோனது. மிஞ்சிய மகனோடு கடைசியில் அமெரிக்கா போய், கணவரின் நாட்குறிப்புகளை 1826-இல் வாஷிங்டனில் புத்தகமாக்கினாள். தோற்ற மனிதர் அயர்லாந்தின் நிரந்தர நாயகன் ஆனதில் அந்தப் புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பதிப்பாசிரியர் என்று போட்டது மட்டும் மகன் பெயரை!

நம் செல்லம்மாவுக்கு வருவோம். தன் எழுத்தை நாற்பது புத்தகமாக, புத்தகத்துக்குப் பத்தாயிரம் பிரதி போட்டு, தீப்பெட்டி மாதிரி மூலைமுடுக்கெல்லாம் விற்க பாரதி 1920-இல் திட்டம் போட்டிருந்தார். கடன் கேட்டுக் கடிதமும் எழுதினார். நடக்கவில்லை. அவர் போன மறு வருஷம், 1922-இல், 'பாரதி ஆச்சிரமம்' என்று பெயர் வைத்து 'சுதேச கீதங்கள்' இரண்டு பாகங்களைக் கொண்டுவந்தவர் செல்லம்மா. குருவிக்கு அரிசி போனதே என்று கலங்கிய அதே பெண்மணி!

பிறகு பாரதியின் தம்பி விசுவநாதன் முதலானோர் தொடங்கிய பாரதி பிரசுராலயம் வேலையை எடுத்துக்கொண்டது. 1928-இல் அரசு பாடல்களைத் தடைசெய்து பிரதிகளை அள்ளிக்கொண்டு போனதும், சத்தியமூர்த்தி சட்டசபையில் அதற்காக மல்லுக்கு நின்றதும் தனிக் கதை.

1941-இல் செல்லம்மா பெயரில் பாரதியார் சரித்திரம் வந்தது. அவர் சொல்லச் சொல்ல மூத்த மகள் தங்கம்மாள் எழுதியது. அருமையான புத்தகம்தான். ஆனால் எனக்கு ஒரு மனத்தாங்கல். கணவரை எல்லா வெளிச்சமும் விழும்படி உட்கார வைத்துவிட்டு, தான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறார். பதிப்பாளர் செல்லம்மாவின் சரித்திரத்தை யாரும் கேட்டு எழுதவில்லை. அவராகவும் சொல்லவில்லை.

பாரதி பாட்டு நாட்டுக்கே சொந்தம் என்று கிளர்ச்சி எழுந்தபோது, நாரண துரைக்கண்ணன், டி.கே. சண்முகம் போன்றவர்கள் திருநெல்வேலிக்குப் போய் செல்லம்மாவின் சம்மதத்தைக் கேட்டார்கள். கொடுத்தார். 1949-இல் ஓமந்தூரார் அரசு உரிமையை வாங்கியது. ஏவி.எம். தன்னிடமிருந்த ஒலிப்பதிவு உரிமையைச் சும்மாவே கொடுத்தார். செல்லம்மாவுக்கும் இரண்டு மகள்களுக்கும் தலா ரூ. 5,000. பிறகு பாடல்கள் பொதுவுடைமை ஆயின. 1955-இல் செல்லம்மா காலமானார்.

ஐயாயிரம் ரூபாய்! எந்த ஆடிட்டரிடம் காட்டினாலும் நஷ்டக் கணக்கு என்றுதான் சொல்வார். தி. நகரில் ஏதாவது ஒரு புத்தகக் கடைக்குள் போய்ப் பாருங்கள். பாரதியார் கவிதைகளைக் கெட்டி அட்டையில், மெல்லிய அட்டையில், கையடக்கமாக ஆளுக்கொரு பதிப்பகம் போட்டு வைத்திருக்கிறது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், யாருக்கும் ராயல்டி கிடையாது. தீப்பெட்டி மாதிரி விற்க வேண்டும் என்றாரே, அது இதுதான்.

மனைவி கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. அந்தம்மா அப்புறம் பாரதியை நம்மிடம் கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போனாங்க.

அடுத்த தடவை அந்தப் புத்தகத்தை வாங்கினால் உரிமை விவரம் போடும் பக்கத்தைப் புரட்டுங்கள். உரிமையாளர் என்று யார் பெயரும் இருக்காது. அந்த வெற்றிடத்தில் செல்லம்மாவுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.