சப்டைட்டிலை மறைத்துப் பார்த்தால்

இந்த மலருக்காக என்னிடம் கேட்டது எனக்குப் பிடித்த பத்து உலகப் படங்களின் பட்டியல். பத்தைச் சொல்லிவிடலாம், விட்டுப்போன பதினொன்றாவது ராத்திரி தூங்க விடாது. அதனால் படங்களை எதைக் கொண்டு அளக்கிறேன் என்பதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்றுதான் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு நகர்ந்தது, வீட்டுப் பேச்சு நகரவில்லை. தெலுங்கு பேசும் பாட்டிகள் தமிழ்ப் படத்துக்குப் போவார்கள், தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் தெலுங்குப் படத்துக்குப் போவார்கள். வசனம் பாதிதான் புரியும். மீதியை முகத்தில் படித்துக்கொள்வார்கள். அவர்களிடம் கற்றதுதான் என் அளவுகோல். திரையின் அடியில் ஓடும் சப்டைட்டிலைக் கையால் மறைத்துக்கொள்ள வேண்டும். அப்போதும் படம் நம்மை உட்கார வைக்கிறதா?

முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கிருதியைப் பாடியதாகச் சொல்லப்படும் மலை எங்கள் திருத்தணி மலை. அதனால் பாட்டில் ஆளுக்கொரு 'பாணி' உண்டு என்பது எங்களுக்குப் புதிதல்ல. சினிமாவிலும் பாணிகள் உண்டு.

ஊமைப் படத்துக்கு என் சோதனை தேவையே இல்லை. ஐசன்ஸ்டைனின் 'பேட்டில்ஷிப் பொட்டெம்கின்' (1925) படத்தில் சிப்பாய்கள் ஒடெசா படிக்கட்டில் சுட்டுக்கொண்டே இறங்குவார்கள். அங்கே இருப்பது 192 படிகள்; எங்கள் மலைக்கு 365. ஆனால் ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் நெரிபட்டு ஏறியபோதுகூட எனக்குப் படிகள் அவ்வளவு நீளமாகத் தெரிந்ததில்லை. பூட்ஸ் கால், அலறும் முகம், துப்பாக்கி, உருண்டோடும் குழந்தை வண்டி என்று வெட்டி வெட்டி ஒட்டி, காலத்தையே இழுத்து நீட்டிவிட்டார் மனிதர். படத்தொகுப்பு என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் வேறு படம் சொல்வதில்லை.

ரஷ்யர்கள் வெட்டிக் காட்டினார்கள், இத்தாலியர்கள் கூடவே நடந்தார்கள். டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948) படத்தின் நாயகன் லம்பெர்ட்டோ மஜ்ஜியொரானி நிஜ வாழ்க்கையில் ஆலைத் தொழிலாளி. சைக்கிளைப் பறிகொடுத்த அப்பா, கடைசியில் தானே ஒன்றைத் திருடப்போய்ப் பிடிபடுகிறார். மகன் அவர் கையைப் பற்றிக்கொள்கிறான். இதற்கு எந்த மொழியில் வசனம் எழுதுவது? 1950இல் லண்டனில் இதைப் பார்த்த சத்யஜித் ராய், 1955இல் 'பதேர் பாஞ்சாலி' தந்தார். ஊர் திரும்பிய கணவரிடம் மகள் இறந்ததைச் சொல்ல முடியாமல் தாய் சர்வஜயா கதறும் இடத்தில், அழுகுரலை எடுத்துவிட்டுத் தார் ஷெனாய் வாத்தியத்தை ஒலிக்கவிட்டார். நம் படங்களில் இன்னும் இடியும் மழையும்தான் அந்த வேலையைச் செய்கின்றன.

ஜப்பானியரில் எனக்கு குரோசாவாவைவிட ஒசு நெருக்கம். இதைச் சொல்லி நண்பர்களிடம் நிறையத் திட்டு வாங்கியிருக்கிறேன். 'டோக்கியோ ஸ்டோரி' (1953) படத்தில் கேமரா பாயில் உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்கும் கீழே இருக்கிறது. வெளியூர்த் தாயும் தந்தையும் பட்டணத்துப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள், பிள்ளைகளுக்கு நேரமில்லை, இறந்துபோன மகனின் மனைவி மட்டும் பார்த்துக்கொள்கிறாள். அவ்வளவுதான் கதை. மனைவி போன வீட்டில் கிழவர் தனியே விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எங்கள் தெருத் திண்ணையில் நான் நேரில் கண்ட காட்சி. அப்படி நடித்த சிஷு ரியுவுக்கு அப்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

ஈரானியர்கள் குழந்தைகளிடம் கதையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். கியாரொஸ்தமியின் 'வேர் இஸ் த ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ்?' (1987) படத்தில் சிறுவன் அகமது, தவறி எடுத்து வந்த நோட்டைத் திருப்பித் தரப் பக்கத்து ஊருக்கு ஓடுகிறான். குன்றில் வளைந்து வளைந்து ஏறும் பாதை, உச்சியில் ஒற்றை மரம். மலையேறிப் பழகிய ஊர்க்காரனுக்கு அந்த மூச்சிரைப்பு கேட்கும்.

பிரெஞ்சுப் புதிய அலையில் த்ரூஃபோவின் 'த 400 ப்ளோஸ்' (1959) போதும். கோடார் மீது மரியாதை உண்டு, பாசம் வரவில்லை; அவர் ஆட்கள் மிகவும் பேசுகிறார்கள். ஆனால் சிட்னி லூமெட்டின் '12 ஆங்க்ரி மென்' (1957) படத்திலும் ஓர் அறைக்குள் பேச்சுதான். சப்டைட்டிலை மறைத்தால் ஒன்றுமே புரியாது. அதை ஏழெட்டுத் தடவை பார்த்திருக்கிறேன். என் அளவுகோல் உடைகிற இடம் அது, உடையட்டும்.

அளக்க முடியாமல் போன படமும் உண்டு. தார்க்கோவ்ஸ்கியின் 'ஆந்த்ரே ரூப்ளெவ்' படத்தைச் சென்னையில் ஒரு திரையிடலில் பார்த்தேன். ஊருக்குக் கடைசி ரயிலைப் பிடிக்க மணி வார்க்கும் காட்சிக்கு முன்பே எழுந்துவிட்டேன். அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் முடியும்போது ஓவியங்கள் வண்ணத்தில் விரிகின்றன என்பது பல ஆண்டுகளுக்கு எனக்குத் தெரியாது.

தமிழில்? குரோசாவாவின் 'ராஷோமோன்' பார்த்த பாதிப்பில் எஸ். பாலசந்தர் எடுத்த 'அந்த நாள்' (1954) பாட்டும் நடனமும் இல்லாமல் வந்தது. பெரிய துணிச்சல். ஆனால் குரோசாவாவிடம் உண்மை கடைசிவரை பிடிபடுவதில்லை. பாலசந்தரிடம் கொலையாளி பிடிபட்டாக வேண்டியிருந்தது. என் ஓட்டு பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) படத்துக்கு. சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, பாதி எழும்பிய வீட்டைத் தனியாகப் போய்ப் பார்க்கிறார். பூசாத சுவர்களைத் தொட்டுத் தொட்டு நடக்கிறார். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசை மட்டும் துணைக்கு. டி சிகாவுக்குப் பக்கத்தில் தயங்காமல் வைக்கலாம்.

அடிவாரத்தில் ஒரு மாலை திரை கட்டிப் படம் போடுவதானால் 'வீடு' படத்தில் தொடங்குங்கள். தெலுங்குப் பாட்டிகளையும் அழைத்து முன்வரிசையில் உட்கார வையுங்கள்.