செருப்புக்குள் போன செய்தி

கொங்கு நாட்டு மேடைகளில் தீரன் சின்னமலை கதையைப் பல தடவை கேட்டிருக்கிறேன். கதையில் சின்னமலை ‘அவர்’, பொல்லான் ‘அவன்’. இந்த விகுதியிலேயே சாதி உட்கார்ந்திருக்கிறது. விமர்சனத்தை இங்கிருந்துதான் தொடங்கியாக வேண்டும்.

வாய்மொழி வழக்கு சொல்வது இது. இன்றைய திருப்பூர் மாவட்டம் காங்கேயம் பக்கத்து மேலப்பாளையத்தில் பிறந்த சின்னமலை, 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகும் கும்பினிப் படையோடு மோதினார். அவருடைய படையில் இருந்த அருந்ததியர் பொல்லான். எதிரி முகாமுக்குள் இருந்து படையின் போக்கை அறிந்து, செய்தியைச் செருப்பின் தோலடுக்குக்குள் வைத்துத் தைத்து அனுப்பினார். ஓடாநிலைக் கோட்டைக்குள் கும்பினிப் படை நுழைந்தபோது கோட்டை காலி. கிடந்த செருப்பைப் பிரித்தார்கள், செய்தி வெளிப்பட்டது. நல்லமங்காபாளையத்தில் பொல்லான் சுட்டுக் கொல்லப்பட்டார். சின்னமலையைச் சங்ககிரியில் தூக்கிலிட்டது 1805இல்.

மேடைக்காரர்கள் இதை எஜமான விசுவாசம் என்கிறார்கள். செருப்பு காலடிக்கு அடையாளமாகிவிடுகிறது. பொல்லான் செய்த வேலை காணாமல் போகிறது. எதிரியின் பேச்சைப் புரிந்துகொள்ளணும், சுருக்கணும், தையல் தெரியாமல் மறைக்கணும், நேரத்துக்குக் கொண்டு சேர்க்கணும். இன்றைய ராணுவத்தில் இதற்கென்று தனிப் படைப்பிரிவே இருக்கிறது. என் வாசிப்பில் இன்னொன்றும் உண்டு: சக்கிலியர் கை பட்ட செருப்பைச் சாதிக்காரச் சிப்பாய் தொட்டுச் சோதிக்கக் கூசுவான். தீட்டையே பொல்லான் மறைப்பாக்கினார்.

திப்புவின் வம்சத்தில் வந்த நூர் இனாயத் கான் 1943இல் பாரிசில் இருந்து இரகசிய ஒயர்லெஸ் மூலம் பிரிட்டனுக்குச் செய்தி அனுப்பினார். 1944இல் டாக்காவ் முகாமில் கொல்லப்பட்டார். 1949இல் ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். அவரைப் பற்றிய பேச்சில் ஒயர்லெஸ் ஆபரேட்டர் என்று அவருடைய தொழில்தான் முதலில் வருகிறது. பொல்லானுக்கு மட்டும் தொழில் கிடையாது, விசுவாசம்தான்.

நம்ம பக்கமும் கோளாறு இருக்கிறது. நம் சுவரொட்டிகள் பொல்லான் கையில் வாளைக் கொடுக்கின்றன. ஆதிக்கச் சாதிகளின் வீரப்பெருமைக்குப் பதிலாக நாமும் ஒரு வீரப்பெருமை கட்டுகிறோம். ஊசியும் தோலும் வெட்கப்படவேண்டிய பொருள்களா? வாளைக் கொடுத்துத் தையலைப் பிடுங்குவது மேடைக்காரர்கள் செய்ததையே வேறு விதமாகச் செய்வதுதான்.

இது இருநூறு வருசத்துப் பழைய விவகாரம் மட்டுமில்லை. செருப்பைத் தைத்தவன் ஊர்த்தெருவில் அதைப் போட்டு நடக்கக் கூடாது என்றிருந்த பகுதி இது. அந்தக் கிராமங்களிலிருந்து வந்த பிள்ளைகள் இன்று திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக்கிலும் செக்கிங்கிலும் நிற்கிறார்கள். அவர்களின் கைத்திறனுக்கும் அறிவு என்ற பெயர் கிடைப்பதில்லை. அருந்ததியர் உள் ஒதுக்கீடு 3 சதவீதம் என்று 2009இல் சட்டமானபோதும் ‘இவங்களுக்கு என்ன தகுதி’ என்ற பேச்சு எழுந்தது. பொல்லானை விசுவாசி ஆக்கும் கதையும் அதே பேச்சுத்தான்.

அரச்சலூர், காங்கேயம், தாராபுரம் சேரிகளில் பெரியவர்களிடம் இந்தக் கதை பல விதமாக இருக்கும். அவர்கள் சொல்கிறபடியே, திருத்தாமல், பதிவு செய்ய வேண்டும். படிக்கும் தோழர்கள் அடுத்த ஆடிக்குள் தொடங்கலாம்.