பால்காரனின் மரணமும் பிஸ்கற் செய்முறையும்

ஜோஆன் ஃபுளூக்கின் 'சொக்லற் சிப் குக்கி மர்டர்' நாவலை நான் வாசித்தது ஒரு பேக்கரியின் சாப்பாட்டறையில். இரவு வேலை. பாண் தட்டுகளைப் போறணைக்குள் தள்ளிவிட்டு வந்து குந்துகிற அரை மணித்தியாலத்தில், யாரோ விட்டுச்சென்றிருந்த, மட்டை கிழிந்த அந்தப் புத்தகத்தைச் சில வாரங்களாகப் புரட்டினேன். பேக்கரிக்காரி கொலையைத் துப்பறிகிறாளாம். எங்களுக்கு நித்திரை கொள்ளவே நேரமில்லை, துப்பறிய எங்கே நேரம் என்ற ஏளனத்துடன்தான் தொடங்கினேன்.

2000ஆம் ஆண்டில் வெளிவந்த நாவல் இது. இதிலிருந்து கிளைத்த தொடர் 25 நாவல்களைத் தாண்டிவிட்டது. களம், அமெரிக்காவின் மினசோற்றா மாநிலத்தில் லேக் ஈடன் என்றொரு கற்பனைச் சிற்றூர். இலக்கியத்தில் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ஹன்னா ஸ்வென்சன், தகப்பன் இறந்தபின் படிப்பை விட்டு ஊர் திரும்பி, 'குக்கி ஜார்' என்ற கடையை நடத்துகிறாள். ஒரு காலையில் கடையின் பின் ஒழுங்கையில் பால் கொண்டுவருகிற ரொன் லாசால் தன் வாகனத்தில் இறந்து கிடக்கிறான். சுற்றிவரக் குக்கிகள் சிதறிக் கிடக்கின்றன. குக்கியைச் சுட்டவள் ஹன்னா. ரொனைச் சுட்டது யார் என்பதுதான் கதை. (இந்த ஒரே வினைச்சொல்லின் வசதி ஆங்கிலத்தில் எழுதுகிற ஃபுளூக்குக்கு வாய்க்கவில்லை.) தங்கையின் கணவன் பில் பொலிஸ்காரன், பதவி உயர்வுக்குக் காத்திருப்பவன். அவனுக்கு உதவுகிறேன் என்று சொல்லி இவள் ஊரெல்லாம் விசாரிக்கிறாள். குக்கிப் பொதியோடு போனால் எந்த வீட்டுக் கதவும் திறக்கிறது.

இவ்வகை நாவல்களுக்குக் 'கோஸி' என்று பெயர். போர்வைக்குள் கிடந்து வாசிக்கிற கதகதப்பு என்று கொள்ளலாம். இரத்தம் கண்ணில் படாது. கொலையாளி அறிமுகமான முகங்களுக்குள்தான் இருப்பான். அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் 1930இல் முதல் நாவலுக்குள் வந்தபோதே இந்த உலகம் அமைந்துவிட்டது. துப்பறியும் கதை பற்றிக் கவிஞர் ஓடன் 1948இல் ஒரு கட்டுரை எழுதினார். இடம் எவ்வளவுக்கு ஏதேன் தோட்டம் போலிருக்கிறதோ, அங்கு விழுகிற பிணம் அவ்வளவுக்கு உறுத்தும்; குற்றவாளியை அகற்றியதும் தோட்டம் மீண்டுவிடும் என்பது அவரது வாதம். ஃபுளூக் தனது ஊருக்கு ஈடன் என்றே பெயர் வைத்துவிட்டார்.

நாவலின் இடையிடையே செய்முறைகள் அச்சிடப்பட்டிருக்கின்றன. நொறுக்கிய கோர்ன்ஃபிளேக்ஸ் எவ்வளவு என்பதுவரை அளவு துல்லியம். எனக்கு முன்னர் வாசித்தவள் சீனியின் அளவைப் பென்சிலால் வெட்டிக் குறைத்திருந்தாள். தொழில் தெரிந்தவளாக இருக்கவேண்டும். அந்தத் துல்லியத்தில் பாதியாவது ரொனுக்குக் கிடைத்திருக்கலாம். பிணம் கண்டுபிடிக்கப்பட்டதும் அவன் ஒரு புதிராகிவிடுகிறான். அவனுக்காக அழுவதற்கு நாவல் அதிகம் நிற்பதில்லை.

இப்படி ஒரு குறையை எழுதிவிட்டு, இன்னொன்றையும் ஒப்புக்கொள்ளவேண்டும். அந்தச் சாப்பாட்டறையில் என்னை இழுத்துவைத்திருந்தது குக்கி வாசனை அல்ல. ஒரு பால்காரன் செத்ததற்கு ஒரு ஊரே காரணம் கேட்கிறது என்பதுதான். காலையில் சந்தியில் உடல் கிடக்க, பார்த்தும் பாராததுபோல் கடந்துபோகப் பழகிய ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாங்கள். யார் சுட்டது என்று கேட்டவரும் அடுத்த உடலாகலாம் என்பது எங்களுக்குத் தெரியும். பேக்கரிக்காரி துப்பறிவதை நம்ப முடியாத கற்பனை என்று சிரித்த எனக்கு, அவள் கேட்ட கேள்விகளுக்கு எல்லோரும் பயமின்றிப் பதில் சொன்னதுதான் அதைவிடப் பெரிய கற்பனையாகப் பட்டது. இந்த நாவல்களை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்க அதன்பின் எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஈடன் எல்லாவற்றையும் கேட்பதில்லை. விளையாட்டுப் பயிற்சியாளன் பொய்ட் வாட்சனின் மனைவி டானியேல், கண்ணைச் சுற்றிய காயத்தை முகப்பூச்சால் மறைத்துக்கொண்டிருக்கிறாள். ஹன்னா கண்டுபிடித்துவிடுகிறாள். நாவலில் எனக்கு மூச்சடைத்த இடம் இதுதான். குக்கிப் பொதி எதையும் செய்ய முடியாத ஒரு வீட்டுக்குள் கதை கால்வைத்துவிட்டது. என்ன செய்கிறது? அந்தக் காயத்தையும் ஒரு தடயமாக எண்ணிப் பார்த்துவிட்டு மேலே நடக்கிறது. டானியேல் அதே வீட்டில்தான்.

இந்த வகைக்கே இது முடியாத காரியம் என்று சொல்லவும் வழியில்லை. டயான் மொட் டேவிட்சன் பத்து ஆண்டுகளுக்கு முன்னரே, 1990இல், 'கேற்றரிங் ரு நோபடி' நாவலை இதேபோல் செய்முறைகளோடு எழுதியிருந்தார். அதன் கதாநாயகி கோல்டி, அடிக்கிற வைத்தியக் கணவனை விவாகரத்துச் செய்துவிட்டு, விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுத்துப் பிழைப்பவள். அங்கே சமையல் அவள் தப்பி வந்த பாதை. ஃபுளூக்கிடம் அது வாசனையாகவே நின்றுவிடுகிறது.

ஃபுளூக் டானியேலை மறந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2001இல் வந்த இரண்டாவது நாவலான 'ஸ்ரோபெரி ஷோட்கேக் மர்டர்' பொய்ட்டின் பிணத்தோடு தொடங்குகிறது. அடித்தவனை ஆசிரியர் கொன்றுவிட்டார். அந்த வீட்டிலிருந்து அவளை மீட்க அவருக்குக் கிடைத்த வழி அவ்வளவுதான். சந்தேகம் முதலில் விழுவதும் டானியேல் மீதுதான்.