மொட்டைமாடியில் ஒரு பக்கம்

2016 நவம்பர் 6. நியூயார்க்கின் ஹை லைன் பூங்காவில், ஒரு காலத்தில் சரக்கு ரயில் ஓடிய பாலத்தின் மேல், கலைஞர்களும் கவிஞர்களும் ஒலிவாங்கியின் முன் வந்து வாசித்தார்கள். அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு இரண்டே நாள் இருந்தது. அந்த வாசிப்புக்குக் காரணமான பக்கம், அங்குள்ள ஓட்டல் ஒன்றின் தூணில் 20 அடிக்கு 30 அடி அளவில் ஒட்டப்பட்டிருந்தது. ஜோயி லெனர்ட் 1992இல் தட்டச்சு செய்த பக்கம் அது. கவிஞர் ஐலீன் மைல்ஸ் அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் நின்றதுதான் அதற்குத் தூண்டுதல். அச்சிடுவதாக இருந்த பத்திரிகை நின்றுபோனது. பிறகு நகலெடுத்துக் கைக்குக் கை போயிற்று.

நான் பார்த்தது ஒளிப்பதிவைத்தான். அந்த நாட்களில் நாங்கள் அப்போலோ மருத்துவமனையின் அறிக்கைக்காகத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தோம்.

மைல்ஸ் செய்தது எனக்குப் பிடித்தது. லெனர்டின் பக்கம் இப்படிப்பட்ட அதிபர் வேண்டும் என்று கேட்கிறது. மைல்ஸோ, தானே வென்றுவிட்டதாக வைத்துக்கொண்டு ஏற்புரை வாசித்தார். கூட்டம் சிரித்தது. நவம்பர் 8க்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்பது வேறு அனுபவம். ஆனால் ஒன்று உறுத்துகிறது. எய்ட்ஸில் அன்பானவரை இழந்தவர், மருத்துவமனை வரிசையில் நின்றவர், வேலை பறிபோனவர் என்று அந்தப் பக்கம் யாரையெல்லாம் கேட்கிறதோ, அவர்களால் அந்த ஓட்டலில் ஓர் இரவு தங்க முடியுமா? கேட்டவர்களும் பெரும்பாலும் ஏற்கெனவே ஒத்துப்போனவர்களாகவே எனக்குத் தெரிந்தார்கள்.

எங்கள் பெண்கள் வாசிப்பு வட்டத்துக்காக அதைத் தமிழில் எழுதினேன். முதல் சிக்கல் 'வேண்டும்'. ஆங்கிலத்தில் 'நான்' ஒவ்வொரு முறையும் முன்னால் வந்து நின்று கேட்கிறது. தமிழில் அந்த 'நான்' நான்காம் வேற்றுமைக்குள் போய் 'எனக்கு' ஆகிவிடுகிறது. கோவிலில் வேண்டிக்கொள்வதும் இதே சொல்தான். கோரிக்கை எங்கே பிரார்த்தனையாகிவிடுமோ என்று பயந்தேன்.

மொட்டைமாடியில் ஒன்பது பேர் இருந்தோம். வாசித்துக்கொண்டே வந்த அக்கா ஒருவர், தாளில் இல்லாததையும் சேர்த்தார்: "பஸ் ஸ்டாண்ட் கக்கூசுக்கு அஞ்சு ரூபா குடுத்துட்டு, உள்ள தண்ணி இல்லாம திரும்பி வந்தவ முதலமைச்சரா வேணும்." அதில் பிரார்த்தனை எதுவும் இல்லை. என் தாளைவிட அது நன்றாக இருந்தது. அடுத்தடுத்து எல்லோரும் சேர்க்கத் தொடங்கினார்கள். ஹை லைனில் வாசித்தவர்கள் எழுதி எடுத்துவந்திருந்தார்கள். இங்கே வாய்க்கு வந்தது.

இரண்டாம் சிக்கல் பக்கத்தின் முதல் கோரிக்கை. அது கொச்சைச் சொல். வசைச்சொல்லாக இருந்ததைத் தங்களுடையதாக்கிக்கொண்ட சொல். எனக்குக் கிடைத்ததோ 'பெண்ணை நேசிக்கும் பெண்' என்ற சலவை செய்த தொடர். அக்கா மற்ற எல்லாவற்றையும் உரக்கத்தான் வாசித்தார். அந்தத் தொடர் வந்தபோது மட்டும் குரலைத் தாழ்த்தினார். வீடு அவருடையது. கீழே அவருடைய மாமியார் இருந்தார்.