பெண்களுக்கென ஒதுக்கிய பக்கங்கள்

மார்க் ரிப்பிட்டோவின் 'ஸ்டார்ட்டிங் ஸ்ட்ரெங்த்' பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம். பார்பெல் தூக்கப் பழகும் பலரும் ஒரு கட்டத்தில் இந்தப் புத்தகத்தில்தான் வந்து நிற்கிறார்கள். எழுதியவர் அமெரிக்காவின் டெக்சாஸில், விச்சிட்டா ஃபால்ஸ் என்ற ஊரில் ஜிம் நடத்தும் பயிற்சியாளர். முதல் பதிப்பு 2005, மூன்றாவது 2011. நான் 57 கிலோ பிரிவில் பவர்லிஃப்டிங் செய்கிறவள். அமெச்சூர்தான், வேலை முடிந்து மாலையில் பயிற்சி. ஸ்குவாட்டை இந்தப் புத்தகத்திலிருந்துதான் கற்றேன் என்பதால் இது வெளியாள் போடும் சண்டை இல்லை.

முதலில் அதன் பெருமை. பாரை முதுகில் சுமந்து, இடுப்பு மூட்டு முழங்காலின் மேல்மட்டத்துக்குக் கீழே போகும்வரை உட்கார்ந்து எழ வேண்டும், ஸ்குவாட் அவ்வளவுதான். இதற்கு ஐம்பது பக்கத்துக்கு மேல் எழுதியிருக்கிறார். ஒன்றுகூட வீணில்லை. பார் பாதத்தின் நடுப்பகுதிக்கு நேர் மேலே இருந்தால்தான் எடை சமநிலையில் நிற்கும். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு முதுகு எவ்வளவு சாயும், முழங்கால் எவ்வளவு முன்னே போகும், இடுப்பை ஏன் பின்னால் தள்ள வேண்டும் என்று எல்லாவற்றையும் நெம்புகோல் கணக்காகப் பிரித்துக் காட்டுகிறார். தொடை எலும்பு நீளமானவர் அதிகம் சாய்ந்துதான் ஆக வேண்டும். 'முதுகை நேரா வைங்க' என்று திட்டு வாங்கிக்கொண்டே இருந்த எனக்கு அந்தப் பக்கங்கள் பெரிய விடுதலை.

தகராறு பயிற்சித் திட்டத்தில் ஆரம்பிக்கிறது. வாரம் மூன்று நாள், மூன்று நாளும் ஸ்குவாட். ஐந்து ரெப் கொண்ட மூன்று செட், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் எடை கூட்ட வேண்டும். இந்த ஐந்துக்கு ஒரு பரம்பரை உண்டு. ரிப்பிட்டோவின் ஆசான் பில் ஸ்டார் 1976ல் எழுதிய 'தி ஸ்ட்ராங்கஸ்ட் ஷல் சர்வைவ்' அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்கான புத்தகம். கனத்த உடம்பு, வாலிப வயசு, தட்டு தட்டாகச் சாப்பாடு. திட்டம் யாரை மனதில் வைத்துப் பேசுகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

இப்போது கணக்கு. நான் போன ஜிம்களில் மிகச் சிறிய பிளேட் 2.5 கிலோ. இரண்டு பக்கமும் போட்டால் 5 கிலோ. 100 கிலோ ஸ்குவாட் செய்பவருக்கு அது 5 சதவீத ஏற்றம். 50 கிலோ செய்பவளுக்கு 10 சதவீதம். அதாவது அவர் 100லிருந்து 110க்கு ஒரே நாளில் தாவுவதற்குச் சமம். பாரே 20 கிலோ. பளுதூக்குதலில் பெண்களுக்கு 15 கிலோ பார் தனியாக இருக்கிறது. பவர்லிஃப்டிங்கில் எல்லாருக்கும் 20தான். அதில் எனக்குக் குறை இல்லை, ஆனால் கணக்கு போடும்போது அதையும் சேர்த்துப் போட வேண்டும், இல்லையா?

நியாயமாகச் சொன்னால், சின்ன பிளேட்டுகள் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்வதும் இதே ரிப்பிட்டோதான். பிரச்சினை அந்த அறிவுரையின் இடம், தொனி இரண்டிலும் இருக்கிறது. புத்தகத்தின் குரல் கண்டிப்பான வாத்தியார் குரல். அதைச் சுற்றி வளர்ந்த கூட்டமோ, எடை நின்றுவிட்டது என்று யார் சொன்னாலும் 'நீ திட்டத்தைச் செய்யலை' என்று ஒரே பதிலை வைத்திருக்கிறது. சரியாகச் சாப்பிடலை, தூங்கலை, ஆழமாக உட்காரலை. இவையெல்லாம் உண்மையாக இருக்கலாம். ஆனால் ஜிம்மில் முக்கால் கிலோ பிளேட் இல்லாததை ஒருத்தியின் மனவுறுதிக் குறைவாகப் படிக்கும் வாசிப்பு மோசமான வாசிப்பு. கணுக்காலில் கட்டும் அரை கிலோ மணல் பட்டைகளைப் பாரின் இரு முனையிலும் சுற்றிக்கொண்டுதான் நான் 60களைத் தாண்டினேன். பார்க்கக் கொஞ்சம் கோமாளித்தனமாக இருக்கும், ஆனால் வேலை செய்யும்.

சுவாரசியமான விஷயம் ரிப்பிட்டோவின் இன்னொரு புத்தகத்தில் இருக்கிறது. ஆண்டி பேக்கருடன் சேர்ந்து எழுதிய 'பிராக்டிகல் புரோகிராமிங்' மூன்றாம் பதிப்பில், கடைசிப் பக்கம், முதியவர்கள் முதலிய 'சிறப்புப் பிரிவினர்' வரிசையில் பெண்கள் வருகிறார்கள். மனிதர்களில் பாதிப் பேர் எப்படிச் சிறப்புப் பிரிவு ஆனார்கள் என்பதை விட்டுவிடுவோம். அங்கே அவர் சொல்வது, பெண்கள் தங்கள் உச்ச எடைக்கு மிக நெருக்கமான எடையிலும் பல ரெப் செய்ய முடிகிறது, ஆகவே ஒரு கட்டத்துக்குப் பிறகு ஐந்து ரெப் மூன்று செட்டை மூன்று ரெப் ஐந்து செட்டாக மாற்றலாம். காரணமாக நரம்பு மண்டலம் தசையை முழுவதுமாக முடுக்கும் திறனைச் சொல்கிறார். இங்கே எனக்கு உடன்பாடு பாதிதான். தசைச் சோர்வை ஆராய்பவர்கள் வேறு காரணங்களையும் வைக்கிறார்கள். பெண்களின் தொடைத் தசையில் மெதுவாகச் சோர்வடையும் இழைகளின் பங்கு சராசரியாகக் கூடுதல். ஒன்றை 'திறன் குறைவு' என்றும் அதையே 'சோர்வு தாங்கும் தன்மை' என்றும் எழுதலாம். அவர் முதலாவதைத் தேர்ந்தெடுத்தார்.

விளக்கம் எப்படியோ, அறிவுரை அருமை. இரண்டிலும் மொத்தம் 15 ரெப்தான். 80 கிலோவில் நான் நின்றபோது ஐந்தாவது ரெப்பில் இடுப்பு முதலில் எழும்பி மார்பு கவிழும். மூன்றாக வெட்டியதும் கவிழும் ரெப்புகளே இல்லாமல் போயின. இன்னொரு லாபத்தை அந்தப் பக்கங்களில் யாரும் முன்னே வைக்கவில்லை. போட்டியில் கேட்பது ஒரே ஒரு ரெப். ரேக்கிலிருந்து பாரை எடுத்து, பின்னே இரண்டு எட்டு வைத்து, நடுவரின் கட்டளைக்கு அசையாமல் காத்திருந்து, உட்கார்ந்து எழுந்து, மறு கட்டளை வந்த பிறகு ரேக்கில் வைக்க வேண்டும். மூன்று செட் செய்பவள் இதை ஒரு நாளில் மூன்று முறை பழகுகிறாள், ஐந்து செட் செய்பவள் ஐந்து முறை. அமெச்சூர் போட்டிகளில் சிவப்பு விளக்கு வாங்கித் தருவது பெரும்பாலும் தசை இல்லை, கட்டளைக்கு முந்திக்கொள்வதும் ஆழம் பத்தாததும்தான். இது ஆண்களுக்கும் அப்படியே பொருந்தும். அப்படியானால் அந்தப் பக்கங்கள் ஏன் பின்னிணைப்பு மாதிரி கிடக்கின்றன?

பெண்கள் கனமான ஸ்குவாட் செய்வது நேற்று வந்த வழக்கமும் இல்லை. ஸ்டாரின் புத்தகம் வந்த அதே எழுபதுகளில்தான் ஜான் டாட் பார் தூக்கத் தொடங்கியிருந்தார். 1980ல் பெண்களுக்கான முதல் உலகப் பவர்லிஃப்டிங் போட்டி நடந்தது. 1981ல் ஜான் டாட் ஸ்குவாட் செய்தது 545 பவுண்டு, ஏறக்குறைய 247 கிலோ. பின்னாளில் அதே டெக்சாஸில், ஆஸ்டின் பல்கலைக்கழகத்தில், உடற்பயிற்சியின் வரலாற்றை ஆராயும் பேராசிரியர் ஆனார்.

மூச்சு பற்றிய பகுதிக்கும் ஒரு வார்த்தை. இறங்குவதற்கு முன் நிறைய மூச்சை இழுத்து அடக்கி, வயிற்றுக்குள் அழுத்தம் ஏற்றி முதுகெலும்பைத் தாங்கு என்கிறார். சரியான பாடம். அதனால் பக்கவாதம் வரும் என்ற பயத்தை நீளமாக மறுக்கிறார். அழுத்தம் மேலே போவது பற்றித்தான் அந்த வாதம். அதே அழுத்தம் கீழேயும் போகிறது. கனமான ரெப்பில் சிறுநீர் கசிவது பெண் லிஃப்டர்களிடையே சர்வசாதாரணம், பிரசவித்தவர்களுக்கு இன்னும் அதிகம். பெல்ட்டை ஒரு துளை தளர்த்துவது, மூச்சை எங்கே விடுவது என்று பார்ப்பது, இடுப்புத்தளத் தசைகளுக்கான பிசியோதெரபி எடுப்பது என்று செய்யக்கூடியவை இருக்கின்றன. வெளியே சொல்ல வெட்கப்பட்டு ஸ்குவாட்டையே விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு ஒரு பத்தி போதும்.

இதற்கு நேர் எதிர்க் கட்சி ஒன்றும் இப்போது நல்ல வியாபாரம் செய்கிறது. மாதவிடாய்ச் சுழற்சியின் நான்கு கட்டத்துக்கு நான்கு பயிற்சித் திட்டமாம். 2020ல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, சுழற்சியின் ஆரம்ப நாட்களில் செயல்திறன் சராசரியாக மிகச் சொற்பமே குறையலாம் என்றும், ஆளுக்கு ஆள் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்றும் சொல்லி நிறுத்திக்கொண்டது. இளஞ்சிவப்பு அட்டையில் தனிப் புத்தகம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

புதிதாக ஸ்குவாட் பழகும் பெண்கள் கேட்டால் நான் சொல்லும் வரிசை இது: 'ஸ்டார்ட்டிங் ஸ்ட்ரெங்த்' ஸ்குவாட் அத்தியாயத்தை முழுசாக, இரண்டு தடவை. பிறகு நேராக 'பிராக்டிகல் புரோகிராமிங்' பெண்கள் பகுதி. அதற்கப்புறம் திரும்பி வந்து முதல் புத்தகத்தின் பயிற்சித் திட்டம். ஜிம்முக்குப் போகும்போது பையில் அந்த மணல் பட்டைகள்.